ஹமாம் இருந்த சந்து

ஸ்ரீராம்புரத்தில் நான் விசாரித்து வந்த ஹமாம் செங்கல் குவியலாகக் கிடக்கிறது. அரவாணிகள் வெந்நீர் போட்டு நடத்திய குளியலறை அது; அவர்களுக்கு வீடும் அதுதான். எல்லோரும் ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் போய்விட்டார்களாம். மிஞ்சிய குளியல் கல்லின் மேல் அவர்களில் ஒருவரான வள்ளியக்கா மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

"நாளைக்கு இதயும் ஒடச்சு அஸ்திவாரத்துல போடுவானாம் மேஸ்திரி. புதுக் கட்டடத்து வாசல் ஓரமா உட்டு வையிப்பான்னு சொன்னேன். சிரிக்கிறான்."

"புது எடத்துக்கு எடுத்துட்டுப் போயிடலாமேக்கா?"

"அங்க யாருப்பா தேடி வருவாங்க? வீட்ல அடிச்சுத் தொரத்துன புள்ளைங்களுக்கு இந்தச் சந்துதான் தெரியும். எந்நேரம் வந்தாலும் எங்க குரு இதுல உக்கார வச்சு மொதல்ல வெந்நி ஊத்துவாங்க. பேரு, ஊரு எல்லாம் அப்புறந்தான். தண்ணி சத்தத்துல அழுவுறது வெளிய கேக்காது பாரு."

அவர் சொல்கிற அழகுக்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் முகம் வாடிக் கிடக்கிறது.

"வாங்கக்கா, ஒரு காபி குடிப்போம்."

"நீ போய்க் குடிப்பா. நான் எழுந்த நேரமாப் பாத்து புள்ள ஒண்ணு வந்து நின்னா, செங்கலப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்."

சந்து முனை வரைக்கும் பார்க்கிறேன். வெயில்தான் இருக்கிறது.