ஒரு நிமிடம், பத்தாவது வினாடி

அப்பாவுக்கு வாதம் வந்து இடது கால் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலே கதியென்று கிடந்தார். கழிவறைக்குக்கூட அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போவார். நடைப் பயிற்சி கொடுக்க வந்தவரை, “என்னால ஆவாது, போய்ட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோல் சுவரோரம் சாய்ந்தே கிடந்தது.

நான் முறையாகச் சங்கீதம் கற்றவள் அல்ல. லேப்டாப்பில் இலவசமாகக் கிடைத்த மென்பொருளில் ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பழைய போனில் பதிவைப் போட்டுப் பின்பக்க ஜன்னலில் வைத்துவிட்டு, அம்மாவோடு மாவு மில்லுக்குக் கேப்பை அரைக்கப் போனேன். அந்த மழைச் சத்தத்தின்மேல் மெதுவாக நாலைந்து சுரங்களை ஓடவிட்டு, ‘நடை நின்ற வீடு’ என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டேன். முப்பது பேர் கேட்டிருந்தால் அதிகம்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் அதன் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன்: “ஒரு நிமிடம் பத்தாவது வினாடியில் ஒரு தட்டல் தொடங்குகிறதே, அது என்ன கருவி? தாளத்தில் நிற்கவில்லை. ஆனால் அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.”

நான் எந்தத் தட்டலும் சேர்க்கவில்லை. கூரை ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீரா? பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தார்களா? பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை அதே யோசனை. வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலப் பதிவைப் போட்டேன். ஒரு தட்டு. பிறகு ஏதோ தரையில் இழுபடும் ஓசை. பெருமூச்சு. மறுபடி ஒரு தட்டு. மழை கொஞ்சம் ஓய்ந்த இடத்தில், ரொம்பத் தாழ்ந்த குரல் ஒன்று “பதினொண்ணு” என்றது. அப்பாவின் குரல்.

நேரே அவரிடம் போனேன்.

“நடக்கறத ஏம்பா எங்ககிட்ட சொல்லல?”

முதலில் முழித்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்கம்மா பாத்துக்கினு நின்னு அழுவா. நீ கை தட்டுவ, கொழந்தைக்குத் தட்டற மாரி. அதான்.”

அவர் சொன்னது நிஜம். ஆஸ்பத்திரியில் அவர் முதல் அடி வைத்தபோது நான் கை தட்டியிருந்தேன்.

பாட்டை முழுக்கக் கேட்டார்.

“இதுக்கு இன்னா பேரு வெச்ச?”

சொன்னேன்.

“தப்பாச்சே. நடந்துக்கினுதான இருக்கேன்.”

அங்கேயே பெயரை எடுத்துவிட்டேன். புதுப் பெயர் இன்னும் தோன்றவில்லை. எழுதியவருக்கு, அது அப்பாவின் ஊன்றுகோல் என்று பதில் போட்டேன்.

“அந்தாளு ஏன் அழுதாராம்? கேளு” என்றார் அப்பா. கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

இப்போது எங்கள் முன்னாலேயே வாசல்வரை நடக்கிறார். யாரும் கை தட்டக் கூடாது, அதுதான் பேச்சு. அம்மா மட்டும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.