நீலம் பாய்ந்த பிச்சிப்பூ

வியாழக்கிழமை என்றால் பெனிட்டாவுக்கு ஓட்டம்தான். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள நான்கு பள்ளிக்கூடங்களுக்கு ஸ்கூட்டியில் போய், பெண்பிள்ளைகளுக்கு வாராந்திர நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நர்ஸ். நாற்பத்தாறு வயது. காலையில் கணவருக்கும் மகனுக்கும் இட்லி கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு காப்பியோடு கிளம்பிவிடுவாள்.

கரிவலம் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பு ‘பி’தான் அவளுக்குத் தலைவலி. போன மாதம் பிரேயரில் அந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் மயங்கிச் சரிந்தார்கள். முப்பத்திரண்டு பேரையும் விழுங்க வைத்தே தீருவது என்று இருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் நிறுத்தி மாத்திரையைக் கொடுத்து, ஒருத்தி விடாமல் “ஆ காட்டு, நாக்கைத் தூக்கு” என்று சோதித்தாள். எல்லா வாயும் காலி. பெனிட்டாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை. வேப்பமரத்தடியிலிருந்து எல்லாரும் கத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள். முன்னால் ஓடிய அபிஷாவின் பின்னலில் பிச்சிப்பூ நீலமாக இருந்தது. அடுத்தவள் தலையிலும் நீலம். கழுத்து வழியே காலர் வரை நீலச்சாறு. மாத்திரை அத்தனையும் பூச்சரத்துக்குள்!

“ஏட்டி அபிஷா, கரிவலத்துல பிச்சி நீலமாவா பூக்கு?”

“புது ரகம் சிஸ்டர்!”

வராந்தாவே குலுங்கியது. பெனிட்டா சிரிப்பைக் கடித்து நிறுத்தினாள்.

“எங்களுக்கு ரத்தமெல்லாம் நெறையத்தான் இருக்கு. மொதல்ல ஒங்களுக்குப் பாருங்க, பாப்போம்” என்றாள் அபிஷா.

“எனக்கென்னட்டி, குதிரை மாதிரி இருக்கேன்.”

தன் விரலில் குத்தி, ஹீமோகுளோபின் மீட்டரில் வைத்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு புள்ளி ஒன்பது. மீட்டருக்கு மேல் தலைகள் முட்டிக்கொண்டன.

“ஐயோ, சிஸ்டர் ஃபெயிலு!”

“காலைல என்ன சாப்டிய?”

“காப்பி.”

“மத்தியானம்?”

“இனிமேத்தான்...”

“எங்களுக்கு மட்டும் முருங்கைக்கீரை, கடலைமிட்டாய்னு கிளாஸ் எடுக்குதிய!”

பெனிட்டா மீட்டரைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: “சரிட்டி. நானும் டாக்டர்ட்ட காட்டி மாத்திரை வாங்குதேன். ஒங்க முன்னால முழுங்குதேன். நீங்களும் முழுங்கணும். சம்மதமா?”

அடுத்த வியாழன் அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள்ளேயே விட்டார்கள். சோறும் கீரையும் பாஸாயிற்று. அவள் சாப்பிட்டு முடித்து, டாக்டர் கொடுத்த சிவப்பு மாத்திரையைப் போட்டதும் அபிஷா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஆ காட்டுங்க சிஸ்டர். நாக்கைத் தூக்குங்க.”

பெனிட்டா தூக்கினாள். வகுப்பு கைதட்டியது. அபிஷா முகத்தைச் சுளித்துத் தன் மாத்திரையை விழுங்கினாள்; பின்னால் முப்பத்தொரு பேரும்.

மறுபடி தூறல் போட்டபோது பெனிட்டா ஓடிப்போய் வராந்தாவில் நின்றுகொண்டு, நனைந்து ஓடிவந்தவர்களின் பின்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூவெல்லாம் வெள்ளை.