பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்த வலி

எங்கள் ஊரில் வயிற்றுவலி என்று சொன்னால் எந்த இடத்தில் என்று யாரும் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீங்க என்றுதான் கேட்பார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் சொன்னால் அதையும் கேட்க மாட்டார்கள். கிரிவலப் பாதை நெடுக அன்னதானம். நீட்டியதை மறுத்தால் பாவம் என்பதில் நான் மிக உறுதியானவன். பக்தியில் அவ்வளவு உறுதி உண்டா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். புளியோதரை, சுண்டல், தயிர் சாதம், நடுவில் ஒரு கரண்டி கேசரி. மாதாமாதம் மனைவியும் நானும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி, நிறைந்த வயிற்றோடு வீடு திரும்புவோம்.

அதனால் வலி வந்தபோது குற்றவாளி தயாராக இருந்தான். தொப்புளைச் சுற்றி ஆரம்பிக்கும். விடிவதற்குள் வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிடும். அலறவைக்கிற வலி இல்லை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவர்போலச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், எழுந்தும் போகாது. சோறு பிடிக்காது, லேசாகக் குமட்டும். மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே மாத்திரையை எடுத்து வைப்பார்.

"கேஸு சார். அன்னதானம் ஜாஸ்தி ஆயிடுச்சி."

இரண்டொரு நாளில் வலி தானாகப் போய்விடும். பெயர் மாத்திரைக்கு.

நாலைந்து பௌர்ணமி இப்படிப் போன பிறகு மனைவி கேட்டாள். "ஏங்க, நானும் அதே புளியோதரதான சாப்ட்டேன்? எனக்கு ஏன் வரல?"

"உனக்கு ஜீரண சக்தி ஜாஸ்தி."

"அப்ப இந்த வாட்டி ஒண்ணும் சாப்பிடாம சுத்துங்க, பாக்கலாம்."

சுற்றினேன். தண்ணீர் மட்டும். கேசரியைத் தாண்டி நடந்த அந்த நிமிடத்தில் துறவிகள்மேல் எனக்கு மரியாதை கூடியது. அடி அண்ணாமலை வந்ததும் வலியும் வந்தது. வலது கால் தரையில் படும்போதெல்லாம் அடிவயிற்றில் சுருக்கென்றது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டிருக்க வேண்டும்.

"எழுந்திருங்க, ஆட்டோல போலாம்."

"பாதியில விடக் கூடாது."

"மலை எங்கயும் போகாது. நீங்கதான் போயிடுவீங்கபோல."

ஆட்டோ வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் கை தானாக வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கேஸ் பிடித்தவன் வேகத்தடைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா சின்ன வயது. அடிவயிற்றை மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியதைவிட எடுத்தது வலித்தது.

"எவ்ளோ நாளா சார் இருக்கு?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "நடுவுல வந்ததே இல்லியா?"

"இல்ல" என்றேன்.

"வந்துச்சி" என்றாள் மனைவி. "கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து படுத்தாரு, பாயசம்னாரு. இன்னொரு நாள் பஜ்ஜின்னாரு. அப்புறம் ஆபீஸ் நாற்காலி சரியில்லன்னாரு."

உண்மைதான். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குற்றவாளியைத் தனித்தனியாகப் பிடித்து வழக்கை முடித்திருந்தேன். எல்லாம் ஒரே ஆள் என்று தோன்றவே இல்லை.

ஸ்கேனில் குடல்வால் தடித்திருப்பது தெரிந்தது. வீங்குவதும் வற்றுவதுமாக மாதக்கணக்கில் இப்படி இழுப்பது அபூர்வம் என்றார் டாக்டர். தானாக வற்றியதே என்று விட்டுவிட முடியாது, ஒருநாள் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, எடுத்துவிடலாம். இந்தக் குடல்வால் பெரிதாக வேலை எதுவும் செய்யாது என்று படித்திருக்கிறேன். அந்த வகையில் அதனிடம் எனக்கு ஒரு தோழமை உண்டு. இருந்தாலும் கேட்டேன்.

"அடுத்த பௌர்ணமி சுத்திட்டு வந்து பண்ணிக்கலாமா? இத்தன வருஷத்துல ஒண்ணுகூட விட்டதில்ல."

"நடுவழியில வெடிச்சா?"

"நான் தூக்க மாட்டேன்" என்றாள் மனைவி. குரலில் கிண்டல் இருந்தது, கை என் சட்டை நுனியை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்கு அவள் தன் தங்கையோடு போனாள். நான் வீட்டில். பெரிய துக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்து அதற்கேற்ற முகத்தோடு படுத்திருந்தேன். துக்கம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தை மாற்றிக்கொண்டேன். பாதி வழியிலிருந்து போன் செய்தாள்.

"வலிக்குதா?"

"தையல் கொஞ்சம் இழுக்குது. அந்த வலி இல்ல."

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. பசிக்குது."

மறுமுனையில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"திருப்பி சொல்லுங்க" என்றாள்.

"பசிக்குதுன்னேன்."

"ரசம் அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்குங்க" என்றாள். தங்கையிடம் அவள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

எழுந்து போய்ச் சூடு பண்ணினேன். இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.