குட்டைத் திருப்புளியின் இடம்

மில்லிக்கன் என்ற இந்த ஊரில், எங்கள் வீட்டுக் கராஜ் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் சுத்தியல், குறடு, ஸ்பனர், அரம் எல்லாம் தொங்குகின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புப் பெயின்ற்றால் அதன் உருவத்தைக் கீறி வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்தால் அதன் கோடு மட்டும் பலகையில் நிற்கும். கீழ் வரிசை மூலையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டைத் திருப்புளியின் கோடு எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். போன கிழமை சின்னவன் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிவந்து அங்கே கொழுவினான். "அப்பா, இப்பதான் உங்கடை போர்ட் முழுசாயிருக்கு" என்றான். நான் அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவனுடைய முகம் சுருங்கிப்போயிற்று. ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. அதனால்தான் பிள்ளைகளே, பத்தாம் வகுப்போடு நின்ற நான் இதை எழுதவேண்டி வந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு, பனி கொட்டும் மாரிகாலம். உங்கள் அம்மாவும் மூத்தவளும் யாழ்ப்பாணத்தில். அவர்களை இங்கே கூப்பிட, எனக்கு வேலை இருக்கிறதென்று கம்பனி தரும் வேலைக் கடிதம் வேண்டும். மிசிசாகா நகரில் விமான இருக்கைகளைக் கழற்றித் திருத்திப் பூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் நாங்கள் நான்கு தமிழர் வேலை செய்தோம். ஐந்தாவது ஆள் வேறு நாட்டுக்காரர். மலையைத் தவிர அதிகம் ஒன்றுமில்லாத சின்ன நாடு அது. அந்த நாட்டு இராணுவத்தின் விமானப் பிரிவில் பதினாறு வருடம் ஹெலிகொப்ரர் மெக்கானிக்காக இருந்தவர். பிரிவு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். தகரக் கொட்டகை ஒன்று, ஹெலிகள் நாலைந்து. பாதை இல்லாத ஊர்களுக்கு உப்பும் அரிசியும் ஏற்றிப்போய், திரும்பும்போது காலுடைந்தவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி வருவார்களாம்.

எங்களுக்கு அது ஏறவில்லை. இராணுவம், ஹெலி என்ற இரண்டு சொல்லோடு காது அடைத்துவிட்டது. என் அக்காவின் புருஷனை, உங்கள் மாமாவை, வயல்வெளியில் ஓட ஓட மேலேயிருந்து சுட்டது ஹெலிதான். எங்களில் மூத்தவரான அண்ணை அந்த மனிதருக்கு "ஹெலிக்காரன்" என்று பெயர் வைத்தார். அவர் அதை மரியாதைப் பெயர் என்று எண்ணி, கூப்பிட்டவுடன் சந்தோஷமாகத் திரும்புவார். சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து அமர்ந்தால், அண்ணை தலைக்குமேல் விரலைச் சுழற்றி ஹெலிச் சத்தம் போடுவார். நாங்கள் எல்லோரும் மேசைக்குக் கீழே குனிவோம். அவரும் எங்களோடு சேர்ந்து குனிந்து சிரிப்பார். ஒருநாள் என்னிடம் மட்டும் ஒரு படம் காட்டினார். பனிமலை, ஹெலி, பக்கத்தில் ஒரு கிழவியைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்து வரும் ஆள். நான் படத்தை மேசையில் கவிழ்த்துவைத்து, எங்கள் ஊருக்கும் இது வரும் என்றேன். அவர் படத்தை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோடு கீறிய பலகையை எங்கள் வேலையிடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர்கள் கொட்டகையில் ஒரு கோடு வெறுமையாக இருந்தாலும், அந்தச் சாமான் இயந்திரத்துக்குள் விழுந்து கிடக்கலாம் என்று ஹெலியை எழும்ப விடமாட்டார்கள். தொலைத்தவன் தானே முன்னுக்கு வந்து சொல்லவேண்டும். சொன்னவனுக்குத் தண்டனை இல்லை. ஒளித்தவன் மறுபடி கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது. அதோடு, திருத்தின மெக்கானிக்தான் முதல் பறப்பில் ஏறி இருக்கவேண்டும். எங்களை வேலை வாங்கும் போர்மனுக்கு அது பிடித்துப்போயிற்று. வசந்தகாலத்தில் ஒரு ஹெலிகொப்ரர் பட்டறையில் வேலைக்கு ஹெலிக்காரருக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காகத்தான் அந்த மனிதர் எங்களோடு இருக்கைத் துணி கழற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இருக்கைகள் லொறியில் ஏறிவிட்டன. குட்டைத் திருப்புளியின் கோடு வெறுமையாக இருந்தது. ஹெலிக்காரர் லொறிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். போர்மன் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். தேடிக் களைத்துக் கையுறைக்காகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். அங்கே இருந்தது. காலையில் என் காரின் வைப்பரை இறுக்க எடுத்துக்கொண்டு போய், திருப்பிக் கொழுவ மறந்தது. கம்பனிச் சாமானை வெளியே கொண்டுபோனால் அன்றைக்கே வேலை போகும். என் முகத்தைப் பார்த்த அண்ணைக்கு விளங்கிவிட்டது. "வாயைத் திறக்காதை. மனிசி பிள்ளையை நினை" என்று பல்லுக்குள் சொன்னார்.

கடைசியாக யார் கையில் இருந்தது என்று போர்மன் கேட்டார். நான் ஹெலிக்காரரைக் காட்டினேன். அண்ணை "ஓம், உவன்தான்" என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தன் பிழையை மறைக்கவா இவ்வளவு நாடகம் என்று போர்மன் கத்தினார். வேலையும் இல்லை, கடிதமும் இல்லை, இப்போதே போ என்று சொல்லி, எங்களைக்கொண்டு இருக்கைகளை மறுபடி லொறியில் ஏற்றுவித்தார்.

அவர் வாதாடவில்லை. ஆனால் லொறியை விட்டு அசையவும் இல்லை. பொலிசைக் கூப்பிடுவேன் என்று போர்மன் சொன்ன பிறகும் நின்றார். பிறகு நேரே என்னிடம் வந்து, தன் உடைந்த ஆங்கிலத்தில் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"அது இருக்கைக்குள் இல்லைத்தானே?"

"இல்லை" என்றேன்.

அவர் என் கோட்டுப் பையை ஒருமுறை பார்த்தார். லொறி போகலாம் என்று கையைக் காட்டினார். தன் கோட்டை எடுத்துக்கொண்டு பனிக்குள் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். நான் இல்லை என்று சொல்லியிராவிட்டால் பொலிஸ் வரும்வரை அங்கேயே நின்றிருப்பார். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அவரை அனுப்பிவைக்கத்தான் உதவியது. திரும்பும்போது காரில் அண்ணை, "ஹெலி விழுந்திட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலைக் கடிதம் கிடைத்தது. அம்மாவும் மூத்தவளும் வந்தார்கள். எண்பத்தொன்பதில் அஜின்கோர்ட்டில் ஒரு கடைத்தொகுதி வாசலில் அவரைக் கண்டேன். பனிக்குள் சாமான் வண்டில்களைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கை தூக்கினார். மூத்தவள் பின்சீற்றில் இருந்தாள். "ஆரப்பா அது?" என்றாள். தெரியாது என்று சொல்லிக் காரை எடுத்தேன். உங்கள் மாமாவைச் சுட்டது அவரில்லை. அது எனக்கு அந்த வெள்ளிக்கிழமையும் தெரியும்.

அந்தத் திருப்புளி என் சட்டைகள் அடுக்கும் இழுப்பறை லாச்சிக்குள், அடியில் இருக்கிறது. சின்னவா, நீ வாங்கினது நல்ல சாமான். உன் காரில் வைத்துக்கொள். அந்த மூலையில் மட்டும் எதையும் கொழுவாதே. கொழுவினால், இங்கே ஒன்றும் தொலையவில்லை என்று அந்தப் பலகையும் என்னைப்போலப் பொய் சொல்லும்.