என்ர ஓம் எங்கை?

கண்டி நகரத்தில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. பிறர் பதிவு செய்துகொண்டு வரும் பேச்சையும் பாட்டையும் குறும்படங்களின் ஒலியையும் சுத்தமாக்கிக் கொடுப்பது என் தொழில். பஸ் ஹோர்ன், நாய்க் குரைப்பு, மின்விசிறி இரைச்சல் எல்லாவற்றையும் எடுப்பேன். "இந்த இருமலை எடுங்க, அந்தத் தும்மலை எடுங்க" என்றுதான் ஆட்கள் வருவார்கள். பேசியதைக் காணவில்லை என்று முறைப்பாட்டோடு ஒருவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. ஆஸ்பத்திரித் தாதியாகக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கிவிட்டவர். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. நனைந்த குடையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"என்ர ஓம் எங்கை பிள்ளை?"

போன வாரம் நான் சுத்தமாக்கிய ஒரு பேட்டியின் குரல்தான் அது, ஆனால் கேட்டது எனக்கு ஓடவில்லை. ஏதோ மந்திரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். "நம்ம திகன நானா அவரு நிகழ்ச்சியில ஓம் எல்லாம் போடமாட்டாருங்கம்மா. ஆரம்பத்துல கொஞ்சம் வயலின் மட்டுந்தான் வரும்" என்றேன்.

"ஐயோ, சாமி ஓம் இல்லை பிள்ளை! நீங்கள் ஆமா எண்டுறதை நாங்கள் ஓம் எண்டுதானே சொல்லுறது? நான் வாயாலை சொன்ன ஓம். அது எங்கை?"

நானா என்று நான் சொன்னது பக்கத்துத் திகனயில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மனிதரை; அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு நேரத்தில் ஊர்ச் சனங்களைப் பேட்டி கண்டு பொட்காஸ்டாக இணையத்தில் போடுவார். கடைசிச் சுத்தம் என் கையில் நடக்கும். இந்த அம்மாவின் பேட்டியும் போன வாரம் என்னிடம் வந்துதான் போனது. அதைத் திறந்து ஓடவிட்டேன்.

"தனியாத்தான் இருக்கிறீங்களா?" என்று நானாவின் குரல் கேட்கிறது. பதில் இல்லை. "சமையலெல்லாம் நீங்களேதானா?" அதற்கும் இல்லை. வேலை செய்தபோதே இதைக் கவனித்திருந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறாரே, என்ன திமிர் இந்த அம்மாவுக்கு என்று மனதுக்குள் திட்டியும் இருந்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மகன் வந்தா கதவத் தொறப்பீங்களா?"

மௌனம். அதன்பின் அம்மாவின் குரல்: "அடுத்ததைக் கேளுங்கோ."

பக்கத்தில் நின்ற அம்மா விஷயத்தைச் சொன்னார். மகன் கொழும்பில் இருக்கிறான். கேட்காமல் கொள்ளாமல் ஒரு சிங்களப் பிள்ளையைக் கட்டிவிட்டான். இனி என் வாசல்படி மிதிக்காதே என்று இவர் சொல்ல, அவனும் ரோசக்காரன், மிதிக்கவே இல்லை. நானாவின் நிகழ்ச்சியை அவன் விடாமல் கேட்பான் என்று தெரிந்துதான் இந்த அம்மா பேட்டிக்கே சம்மதித்திருக்கிறார். நேரே சொல்ல வாய் வராததை அதில் சொல்லிவிடலாம் என்று.

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். மகன் அனுப்பிய செய்தி. "விளங்கீட்டுது அம்மா." அவ்வளவுதான் இருந்தது.

அம்மா கதவைத் திறக்கமாட்டார் என்றே அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். அடப்பாவி, என்ன காரியம் நடந்திருக்கிறது!

நானாவுக்கு அழைத்து, சலாம்கூடச் சொல்லவிடாமல் கத்தினேன். "என்ன நானா செஞ்சீங்க? அம்மா சொன்ன ஓம் ஒண்ணையும் காணோம்!"

"நான் ஒண்டும் செய்யல்ல தங்கச்சி. ஒங்களுக்கு வேல கொறையட்டும் எண்டு புதுசா ஒரு மெஷின்ல போட்டுத் தந்த. பேச்சுக்கு நடுவுல 'அம்', 'உம்' எண்டு இழுப்பாங்களே, அத தானா வெட்டிருமாம்."

அந்த மென்பொருளைச் செய்த வெள்ளைக்காரனுக்கு ஓம் என்றால் என்ன தெரியும்? அவன் காதில் அது வெறும் 'உம்'. என் ஆமாவை விட்டிருப்பான். ஆமாவுக்கு நானா இழுக்கும் "ஓ"வையும் விட்டிருப்பான். யாழ்ப்பாணத்து ஆள் தலைகீழாக நின்று சம்மதித்தாலும் அவன் கத்தரிக்கோலுக்குத் தப்பாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

நானா பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு திகன பஸ்ஸில் ஓடிவந்தார். வந்ததும் அம்மாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மன்னிச்சிக்கோங்க உம்மா, வேணுமெண்டு செய்யல்ல." அசல் பதிவை ஏற்றினேன்.

"தனியாத்தான் இருக்கிறீங்களா?" "ஓம்." "சமையலெல்லாம் நீங்களேதானா?" "ஓம், ஓம்."

அம்மா முதன்முதலாகச் சிரித்தார். "பாத்தியளே!" என்று குடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கதவுக்குச் சொன்ன ஓமையும் ஒட்டி மறுபடியும் இணையத்தில் போட்டுவிட்டால் மகன் கேட்பான், தீர்ந்தது என்று நினைத்தேன்.

"மகன் வந்தா கதவத் தொறப்பீங்களா?"

நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். நானாவின் கதிரை கிரீச்சிட்டது. எங்கோ ஒரு காகம் கத்தியது.

"அடுத்ததைக் கேளுங்கோ."

திரும்ப ஓடவிட்டேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதிரையும் காகமும்தான் கோடு கோடாகத் தெரிந்தன. குரல் என்று ஒரு புள்ளிகூட இல்லை. மெஷின் அந்த இடத்தில் எதையும் வெட்டவில்லை. வெட்ட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"நான் சொன்னனான்" என்றார் அம்மா. "வடிவாச் சொன்னனான்."

நானா மெல்ல நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாவே... நீங்க தலைய ஆட்டின உம்மா. நான் கண்ணால கண்ட. அதாலதான் நான் திருப்பிக் கேக்கல்ல."

அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. சொல்லிவிட்டேன் என்று தன்னைத்தானே நம்பி, மகனின் செய்தி வரும்வரை அந்த நிம்மதியில் இருந்திருக்கிறார் பாவம். எத்தனையோ பேரின் குரலைத் தோண்டி எடுத்திருக்கிறேன், தலையாட்டலை எங்கிருந்து எடுப்பேன்?

நானா என் பக்கம் குனிந்தார். "வேற எடத்து ஓம் ஒண்ட எடுத்து இதுல வெச்சிரேலாதா தங்கச்சி?"

வைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன், ஒருவனும் கண்டுபிடிக்க மாட்டான். ஆனால் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"வேண்டாம். அது சமையலுக்குச் சொன்ன ஓம்" என்றார்.

பிறகு அவரே போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி போனது.

"அம்மா?" என்றது ஒரு குரல்.

அம்மாவின் உதடு துடித்தது. சத்தம் வரவில்லை.

"அம்மா, நான் ஒருக்கா வீட்டை வரட்டே?"

அம்மா தலையை ஆட்டினார். கண்ணீர் கொட்டக் கொட்ட, மேலும் கீழும், மேலும் கீழுமாகப் போனைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் மகன் காத்திருக்கிறான். "சரி அம்மா, வைக்கிறன்" என்றான்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"வச்சிராதீங்க தம்பி! ஒங்கம்மா தலையாட்டுறாங்க! வாய் வரலையே தவிர, இங்க தலைய ஆட்டிக்கிட்டே இருக்காங்க!"

கொழும்பில் அவன் விக்கி விக்கி அழும் சத்தம் என் அறை முழுக்கக் கேட்டது.