யானை இறங்கிய மடு

1. பூ தெரியும் தண்ணீர்

ஜப்பான்காரன் கடிகாரத்தில் காலை எட்டரை மணி, சூரியனுக்கு ஏழுதான். பம்பு வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஆற்று மடுவின் நடுவே சாய்ந்து கிடந்த ஒரு பெண் யானை. தண்ணீர் அதன் வயிற்றைச் சுற்றிக்கொண்டு சிவப்பாக ஓடியது. தோட்டத்துக்குக் குடிதண்ணீர் இழுக்கும் எங்கள் சக்‌ஷன் பைப், அதற்குச் சற்றுக் கீழே அதே தண்ணீரில் கிடந்தது. மற்ற யானைகள் கரையில் கிடந்தன. சிப்பாய்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மலாய் நாட்டில் பண்டார் பாருவுக்குக் கிழக்கே, பேராக் எல்லையை ஒட்டிய ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஜப்பான் அதிகாரி ஒருவன் பங்களாவில் இருந்தான். நான் பம்பு டிரைவர். டீசல் கிடைக்காததால் கரி எரித்து இன்ஜினை ஓட்டினோம். மடுவிலிருந்து இழுத்து, மேட்டில் இருக்கும் டேங்கியில் நிரப்பினால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய்களில் தண்ணீர் வரும். லயத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அந்த யானைக் கூட்டம் எனக்கு முந்தைய டிரைவர் காலத்திலேயே வந்துகொண்டிருந்தது. விடியும் முன் மூங்கில் காட்டிலிருந்து இறங்கி, கரையில் ஆளுயரம் நிற்கும் புல்லைப் பிடுங்கித் தின்று, மடுவைக் கலக்கிவிட்டு, வெயில் ஏறும் முன் போய்விடும். அதனால் பம்பு வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அடியில் சிவப்புப் பூ போட்ட வெள்ளை மங்குக் கிண்ணம் ஒன்று ஆணியில் தொங்கும். அதில் மடுத் தண்ணீரை மொண்டு பார்க்க வேண்டும். பூ தெரிந்தால் இன்ஜினை ஓட்டலாம். தெரியாவிட்டால் சேறு படியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துத் தண்ணீருக்கு 'யானைத் தண்ணி' என்று பெயர். லயத்தில் குழாய் வரத் தாமதமானால், "இன்னைக்கும் யானைத் தண்ணியா, பம்புக்காரரே?" என்று பெண்கள் ஏசுவார்கள்.

சுட்டதற்குக் காரணம் ஊபி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. கரைக் காட்டை வெட்டி, தண்ணீர் ஓரம் வரை மரவள்ளி நடச் சொன்னான் அதிகாரி. யானைகள் நடந்த பாதையிலேயே நட்டோம். அவை வழக்கம்போல நடந்தன. கிழங்கைப் பிடுங்கின. பட்டாளத்தை வரவழைத்தான்.

2. கறி

அன்று ரப்பர் பால்வெட்டு இல்லை. ஆண்களும் பெண்களுமாகக் கயிறு கட்டி அந்த உடலைக் கரைக்கு இழுத்தோம். கரையில் கிடந்த ஆண் யானையின் தந்தமும், நல்ல கறியும் லாரியில் ஏறின. மிச்சத்தை லயத்துக்குப் பங்கு போடச் சொல்லி உத்தரவு. பங்கு போட நின்றவர் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி. நெற்றியில் பட்டை விபூதி, கையில் தராசு.

"ஊபி தின்னு தின்னு காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. ஓசியில கறி குடுத்தா முகத்தத் திருப்பறீங்களே!" என்றார்.

யாரும் முன்னே வரவில்லை. மாரியாயி மட்டும் வாயைத் திறந்தார். மூன்றாம் லயத்துக்காரர், பால்வெட்டுபவர். புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே மகள், லெட்சுமி.

"ஏன் கிராணி ஐயா, உங்க வீட்டுல பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை வைப்பீங்களா, இல்ல கொழம்பா?"

சிரிப்பு எழுந்தது. கிராணி தராசைக் கீழே வைத்தார். ஆனாலும் அடுத்த வாரம் அவரே பம்பு வீட்டுக்கு வந்து மங்கில் மொண்டு பார்த்து மகிழ்ந்தார்.

"பார்த்தியா தம்பி, விடியறப்பவே பூ பளிச்சுனு தெரியுது. அதிகாரி நமக்கு நல்லதுதான்லா செஞ்சிருக்காரு."

லயத்திலும் அதே பேச்சுத்தான். யானைத் தண்ணீர் ஒழிந்தது, குழாய் நேரத்துக்கு வருகிறது என்றார்கள்.

3. மங்கு

மழைக்காலம் முடிந்து ஆறு இறங்கியபோது இன்ஜின் திணற ஆரம்பித்தது. பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைக் கழற்ற மடுவில் இறங்கினேன். யானைகள் நின்ற இடத்தில் எனக்குக் கழுத்தளவு தண்ணீர் இருக்கும். இப்போது இடுப்பளவுதான். கால் முழங்கால் வரை கறுப்புச் சேற்றில் புதைந்தது. இரண்டு கரைப் புல்லும் மடுவுக்கு மேலே கைகோத்து நின்றது. அதற்கு அடியில் இலையும் கட்டையும் சிக்கிக் கிடந்தன. முன்பு மரம் விழுந்தால் யானைகள் புரட்டித் தள்ளிவிடும். இப்போது விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடந்தது. நீரோட்டம் அக்கரை ஓரமாக ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. முன்பு யானைச் சாண உருண்டைகளைச் சுற்றி மொய்க்கும் லம்பாம் மீன் ஒன்றுகூட இல்லை. மீன் தின்னாமல் விட்ட கொசுப் புழு தண்ணீரின் மேல் துடித்தது.

எல்லாம் யானை போனதால்தான் என்று நான் எழுதவில்லை. ஊபி நட்ட கரையிலிருந்து மழை மண்ணையும் அடித்துக்கொண்டு வந்தது. ஆனால் முன்பும் வெள்ளம் மண் கொண்டுவந்ததுண்டு. தினமும் அதைக் கலக்கி ஓட்டத்தில் விட்டவை, புல்லைத் தின்று வாய்க்காலைத் திறந்து வைத்தவை, கரையில் எலும்பாகக் கிடந்தன.

மங்கில் மொண்டு பார்த்தேன். பூ தெளிவாகத் தெரிந்தது. முகத்தருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை. தண்ணீர் தெளிந்திருந்ததற்குக் காரணம், அது நகரவில்லை.

கிராணியிடம் சொன்னேன்.

"பூ தெரியுதா, இல்லையா?"

"தெரியுது. ஆனா நாறுதுண்ணே."

"மூக்க வச்சா பம்பு ஓட்டறே? ஓட்டு!"

ஓட்டினேன். ஓட்டாவிட்டால் டேங்கி காலி. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஆனால் விறகெல்லாம் கரிச் சூளைக்கென்று எழுதி வைத்திருந்தார்கள். லயத்தில் கழிச்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மருந்தென்று இருந்தது உப்புத் தண்ணீர் மட்டும். முதலில் கிழவர்கள் போனார்கள். பிறகு லெட்சுமி விழுந்தாள்.

மாரியாயி அக்கா காலையில் நேராக பம்பு வீட்டுக்கு வந்தார். ஆணியிலிருந்து மங்கை எடுத்தார். தண்ணீர் மொண்டார். சிந்தாமல் ஆபீஸ் வரை நடந்தார். நான் பின்னால் போனேன்.

"ஐயா, பூ தெரியுதா பாருங்க."

கிராணி எட்டிப் பார்த்தார். "தெரியுதே."

"அப்ப குடிங்க."

"என்ன மாரியாயி, காலங்காத்தால..."

"எம்பொண்ணு குடிச்சா. நீங்களும் குடிங்க. உங்க வீட்டுக்கு மட்டும் கூரையில தகரத்த வச்சு மழைத்தண்ணி புடிக்கிறீங்கல்ல, அதுலயும் பூ தெரியுமா?"

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தான். மங்கை வாங்கி முகர்ந்தான். கிராணியைப் பார்த்தான். கிராணி என்னைக் கைகாட்டினார்.

"ஆயேர் புசோக்! லூ புன்யா கெர்ஜா!" தண்ணீர் நாறுகிறது, உன் வேலை இது என்று கத்தி, கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறையில் காது அடைத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: காஜா இல்லை, புல் அடைத்துவிட்டது, சுங்கை செத்துப்போச்சு. யானை இல்லாமல் ஆறே செத்துவிட்டது என்று அர்த்தம்.

அவன் யோசித்தான். அவனுக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவன் போட்ட அடுத்த உத்தரவு சரியாக மடுவுக்கு வந்தது: புல்லை வெட்டு, சேற்றை வாரு, கட்டையை இழு. ஆண்களில் பாதிப் பேர் சயாமில் இருந்தார்கள். அதனால் பெண்கள் இறங்க வேண்டும். பால்வெட்டு முடிந்த பிறகு, கூலி கிடையாது.

4. யானை வேலை

இடுப்பளவுத் தண்ணீரில், சங்கோல் மண்வெட்டியும் பாராங் கத்தியும் வைத்துக்கொண்டு, அட்டை ஏறிய கால்களோடு அவர்கள் வேலை செய்ததை நான் இன்ஜின் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் வெட்டி முடிப்பதற்குள் மறுபக்கம் முளைத்தது. ஒருத்தி கத்தினாள்:

"அக்கா, அந்த யானை எத்தனை நாளா ஓசியில இந்த வேலையச் செஞ்சிருக்கு பாரேன்!"

"அதுக்குத்தான் சுட்டாங்க. நம்மளயும் சுடறதுக்குள்ள வெட்டுடி," என்றார் மாரியாயி.

ஓட்டம் திரும்பியது. வாடை குறைந்தது. கழிச்சலும் குறைந்தது. லெட்சுமி அதைப் பார்க்கவில்லை. புல் வெட்டு தொடங்கிய வாரமே அவளைப் புதைத்தோம். மாரியாயி மறுநாள் மடுவில் இறங்கினார். இறங்காவிட்டால் அரிசிப் படி கிடையாது.

பம்பு வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. மங்கை மட்டும் பார்க்காதீர்கள். கரையைப் பாருங்கள், எது வருகிறது, எது வருவதை நிறுத்திவிட்டது என்று பாருங்கள். தண்ணீரைக் கலக்குவதெல்லாம் தண்ணீரைக் கெடுப்பதல்ல.

ஜப்பான்காரன் போகும் வரை பெண்கள் வாராவாரம் மடுவில் இறங்கினார்கள். சண்டை முடிந்து புதுத் துரை வந்தார். பம்பு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சக்‌ஷன் பைப் வரை நடந்துபோய், கரையில் கிடந்த யானை எலும்புகளைப் பார்த்துவிட்டு வந்து, மடுவைச் சுற்றி யானை இறங்காதபடி முள்கம்பி வேலி போட உத்தரவிட்டார். கம்பம் நட மாரியாயியின் கூட்டத்தை அனுப்பினார்கள்.