அணைக்கரைக் கடலோர விடுதி

ஆனைக்குட்டம் அணையை ஒட்டிய 'கடலோர விடுதி'யிலிருந்து பையோடு வெளியேறுகிறேன். கடல் என்பது சுவரில் ஒட்டிய காலண்டர் படம். குழாயில் காற்றுதான் வருகிறது, கடல்காற்றாக இருக்கலாம். வேறு விரிப்பு கேட்டதற்கு, அழுக்கு விரிப்பையே உதறித் திருப்பிப் போட்டார் முதலாளி.

அவர் இப்போது பின்னாலேயே ஓடிவருகிறார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிட்டா போறீக? தீபாவளி சீசன்ல நம்ம ஆளுகெல்லாம் பட்டாசு கம்பெனிக்குப் போயிட்டாக. நீங்களும் அங்கன வேலை தேடித்தான வந்தீக?"

"வாசல்ல சோதிச்சப்ப பையில தீப்பெட்டி இருந்துச்சு. விரட்டிட்டாங்க."

"பட்டாசு கம்பெனிக்குத் தீப்பெட்டியோடவா போனீக!" சிரித்தபடி என் பையை வாங்கிக்கொள்கிறார். "இங்கன தாராளமா வச்சுக்கலாம். கரண்டு அடிக்கடி போகும்."

மறுநாள் காலை அங்கேயே வேலைக்குச் சேர்கிறேன்.

"ஏலே, வந்தவுக வேற விரிப்பு கேக்காக, என்னன்னு பாரு!"

நேற்றைய அண்ணாச்சி நான்தான். விரிப்பை உதறித் திருப்பிப் போடுகிறேன்.